நகமும் முகமும்

விலை கொடுத்து வாங்கிய பொருளில் குறை கண்டால் வெகுண்டெழுவது மக்கள் இயல்பு. புழுத்த அரிசியை அளந்து கொடுத்த வணிகரிடம் முறையிடுகிறோம். சாயம் போன சேலையைக் கடைக்காரர் முன் விரித்துப் போட்டு வழக்காடுகிறோம். முறைதான், வேண்டியதுதான். ஆனால், வாங்கியது பொருளாக இல்லாமல் மற்றொரு மனிதரின் உழைப்பாக இருந்தால்? அந்த உழைப்பும், நம் கையைத் தம் கையில் ஏந்தி, நமக்கு முன் தலை கவிழ்ந்து அமர்ந்து செய்யப்படும் உழைப்பாக இருந்தால்? அப்போது காணும் குறையை எந்தக் கோலால் அளப்பது? எவ்வளவு நம் உரிமை? எந்த இடத்தில் உரிமை முடிகிறது, ஆணவம் தொடங்குகிறது?

சிறிய கேள்வி, நகத்தளவுக் கேள்வி என்று ஒதுக்கிவிடத் தோன்றும். நகக்கண்ணில் ஏறிய சிராய் சிறியதுதான். உடல் முழுவதும் துடித்துவிடுகிறதே! மனிதரை மனிதர் எவ்விதம் நடத்துகின்றனர் என்று அறிந்திட அரண்மனையையும் அம்பலத்தையும் ஆராய்ந்திட வேண்டுவதில்லை. கூலி கொடுக்கும் கை, கூலி வாங்கும் கையை எப்படி நோக்குகிறது என்று கண்டாலே போதும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர் மணமேல்குடி. கிழக்கே பாக் நீரிணை. ஊரை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை. அண்டையில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்னும் மீன்பிடி துறைகள். வலை இழுத்துக் காய்த்த கைகள், மீன் ஆய்ந்து வெளுத்த விரல்கள், கருவாட்டுக்கு உப்பிட்டு வெடித்த நகங்கள் — இவற்றால் வாழும் கரை இது. இங்கே மணப்பெண்ணின் விரலுக்கு அழகு சேர்த்தது நெடுங்காலமாக மருதாணி. அம்மியில் அரைத்து, இரவெல்லாம் அப்பி வைத்து, விடிந்ததும் கழுவிப் பார்த்தால் செக்கச் சிவந்திருக்கும். அரைத்தவள் அக்காளாகவோ அத்தையாகவோ இருப்பாள். கூலி கேட்கமாட்டாள், சிவக்காவிட்டாலும் வழக்கு எழாது.

காலம் மாறிற்று, மாறத்தான் வேண்டும். அண்மையில் இவ்வூர் மணப்பெண் ஒருத்தி, திருமணத்துக்கு நான்கு நாள் முன்னதாகத் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, அழகு நிலையம் ஒன்றில் 800 ரூபாய் கொடுத்து நகங்களுக்கு ஒப்பனை செய்துகொண்டு திரும்பினாள். மூன்றாம் நாள் இரண்டு விரல்களில் பூச்சு உரிந்துவிட்டது. கட்டைவிரலின் ஓரத்தில் கருவி பட்ட இடம் வீங்கிச் சிவந்தது. மூன்றாவதாக ஒரு குறையும் சொல்லப்பட்டது: “இரண்டு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தாள், ஒரு சொல் பேசவில்லை, ஒரு முறை சிரிக்கவில்லை. காசு கொடுத்தும் முகம் கொடுக்கவில்லை!”

வீட்டார் மூன்று குறைகளையும் ஒரே மூச்சில் அடுக்கினர். பெண்ணின் தாய் அந்நிலையத்தின் உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தார். விடை மிகப் பணிவாகவே வந்தது: “அந்தப் பெண் மிசோரத்திலிருந்து வந்தவள், தமிழ் தெரியாது, வருகிறவர்களிடம் சிரித்துப் பழகவும் தெரியவில்லை. உங்கள் 800 ரூபாயை அவள் சம்பளத்தில் பிடித்து அனுப்பிவிடுகிறேன். இந்த மாதத்தோடு அவளை நிறுத்திவிடவும் எண்ணம்.”

வீடு இரண்டுபட்டது. நம் காசு நமக்கு வந்தால் போதும், அது எவர் பையிலிருந்து வந்தால் என்ன என்றார் தாய். அந்தப் பணத்தைக் கையால் தொடமாட்டேன் என்றாள் மணப்பெண். அண்டை வீட்டில் குடியிருக்கும் ஆசிரியர் என்பதால், வழக்கு நம்மிடமும் வந்தது. மூன்று குறைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டியதில்தான் சிக்கல் இருக்கிறது. அவிழ்த்துத் தனித்தனியே வைத்துப் பார்த்திடல் வேண்டும் என்றோம். அவிழ்ப்போம்.

முதற் குறை, பூச்சு உரிந்தது. நகம் என்பது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. முடியும் அதனால் ஆனதே. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முழு நகம் புதிதாக வளர்ந்திட ஆறு மாதம் அளவில் ஆகும். இன்று பெரிதும் விரும்பப்படும் பூச்சுவகை, புற ஊதா ஒளி விளக்கின் கீழ் இறுகி ஒட்டிக்கொள்வது. நகத்தில் எண்ணெய்ப் பசையோ ஈரமோ எஞ்சியிருந்தால், அல்லது ஒளி போதுமான நேரம் படாவிட்டால், பூச்சு பிடிக்காது; உரியும். இது தொழிலின் குறை. கேட்டிட வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு. உழைப்பாளி ஏழை என்பதற்காக அரைகுறை வேலையைப் போற்ற வேண்டியதில்லை. கணக்கைத் தவறாகக் கற்பித்துவிட்டு, ‘எமக்கு ஊதியம் குறைவு’ என்று ஓர் ஆசிரியர் கூறினால் பெற்றோர் ஒப்புவரோ? தன்மானம் என்பது தரக்குறைவுக்குப் போர்த்தும் போர்வை ஆகாது. செய்வதைத் திருத்தமாகச் செய்வோம் என்னும் செருக்கே தன்மானத்தின் முதற்படி.

இரண்டாம் குறை, காயம். இதைக் கேட்பது உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். தூய்மை செய்யாத கருவி ஒருவர் விரலிலிருந்து மற்றொருவர் விரலுக்கு நோயை ஏற்றும். இன்று வாய் மூடினால் நாளை வருகிறவரும் புண்படுவார். ஆனால் இங்கே இன்னொன்றையும் எண்ணிட வேண்டும். நகப்பூச்சுகளிலும் அவை சார்ந்த பொருள்களிலும் டொலுயீன், பார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் ஆகிய மூன்றும் நெடுங்காலம் இடம்பெற்று, உழைப்பாளர் நலம் நாடுவோரின் கண்டனத்துக்கு இலக்காயின. ஒளியால் இறுகும் பூச்சில் பயன்பட்ட டி.பி.ஓ. என்னும் சேர்மத்தை, 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. நாற்காலியில் அமர்பவர் ஒரு மணி, இரண்டு மணி அந்த நெடியை முகர்கிறார். எதிரே அமர்ந்திருப்பவளோ விடிந்து அடைந்தால் அதையே முகர்கிறாள். காற்றோட்டம் இல்லாத அறை வாடிக்கையாளருக்குத் தலைவலி தரும்; உழைப்பாளிக்கு உயிர்வலி தரும். நம் விரலின் புண்ணுக்காக முறையிடும் வாய், அவள் நெஞ்சின் நெடிக்காகவும் இரண்டு சொல் சேர்த்து முறையிடலாமே!

ஆக, இரண்டு குறைகள் நேரியவை. மூன்றாவது?

அவள் சிரிக்கவில்லை, பேசவில்லை. இதைக் குறையாக எண்ணுவோர் வள்ளுவரையே துணைக்கு அழைப்பர். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரும் அழைத்தார். மோந்தால் வாடும் அனிச்சமலர், முகம் திரிந்தால் வாடும் விருந்தினர் என்னும் கருத்தை எடுத்துரைத்து, “பார்த்தீர்களா? முகம் கொடுக்காதது பண்பின்மை என்று குறளே சொல்கிறது” என்றார். சொல்கிறதுதான். ஆனால் எங்கே சொல்கிறது? விருந்தோம்பல் என்னும் 9-ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. விருந்தினர் விலை கொடுப்பதில்லை. விலை கொடுப்போர் விருந்தினர் ஆவதில்லை. வணிகத்துக்கு வள்ளுவர் அறம் வகுத்த இடம் வேறு: நடுவு நிலைமை என்னும் 12-ஆம் அதிகாரம். பிறர் பொருளையும் தம் பொருள் போலவே பேணிச் செய்வதுதான் அங்கே வணிகருக்கு அவர் வைத்த இலக்கணம். பேணிச் செய்தாளா என்று கேளுங்கள். முதல் இரண்டு குறைகளும் அந்தக் கேள்வியில் அடங்கிவிடும். சிரித்தாளா என்று கேட்டிட அந்த அதிகாரத்தில் இடமில்லை. விருந்துக்குரிய அன்பை விலைப்பட்டியலில் எழுதச் சொன்னால், விருந்தும் கெடும், வணிகமும் கெடும்.

கூலி கொடுத்தால் குழைவும் கூடவே வரவேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழவில்லை, நம் ஊர்களின் திண்ணையிலிருந்து வந்தது. முடி திருத்துவோரைச் சிற்றூர்களில் ‘குடிமகன்’ என்றனர். முடி களைவதும், நகம் களைவதும், மணவீட்டிலும் பிணவீட்டிலும் பணி செய்வதும் அவர் தலையில் சுமத்தப்பட்டிருந்தன. அவர் வீட்டுப் பெண்கள் பேறு பார்த்தனர். ஊரார் இந்த உலகுக்கு வந்தபோது முதன்முதல் ஏந்திய கை அவர்கள் கை! அவர்களுக்கு ஊதியம்? அறுவடைக் களத்தில் அளந்து தரும் நெல். விலை பேச உரிமை இல்லை. வர இயலாது என்று மறுக்க உரிமை இல்லை. திண்ணையைத் தாண்டி உள்ளே செல்லவும் உரிமை இல்லை. தலையைத் தொடலாம், தலைவாயிலைத் தொடலாகாது! அந்த ஏற்பாட்டில் உழைப்பும் பணிவும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தரப்பட்டன. எது வேலை, எது வணக்கம் என்று பிரித்துப் பார்த்திட எவரும் முனையவில்லை.

இன்று ‘குடிமகன்’ என்ற அதே சொல், நாட்டின் ஆட்சியில் பங்குடையவர், வாக்குரிமை உடையவர், எவருக்கும் தாழாதவர் என்று பொருள்படுகிறது. சொல் உயர்ந்துவிட்டது. சொல்லை ஆளும் நெஞ்சமும் அதனோடு உயர்ந்திட வேண்டாமோ? 800 ரூபாய்க்கு நகப்பூச்சும் வேண்டும், அதனோடு பழைய களத்துமேட்டுக் கும்பிடும் வேண்டும் என்றால், விலை புதியது, வேட்கை பழையது என்றுதானே பொருள்?

புன்னகையும் ஓர் உழைப்பே என்பதை உலகம் ஆராய்ந்தும் கண்டுவிட்டது. ஆர்லி ஹாக்சைல்டு என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து 1983-இல் ஒரு நூல் வெளியிட்டார். உணவு கொடுப்பதும் இருக்கை காட்டுவதும் மட்டுமே அவர்கள் வேலை அன்று. வராத சிரிப்பை வரவழைப்பதும், வந்த சினத்தை விழுங்குவதும் வேலையாகவே சுமத்தப்படுகின்றன என்று காட்டினார். அதனை உணர்ச்சி உழைப்பு என்றார். மிலியன் காங் என்னும் மற்றோர் அறிஞர், நியூயார்க்கில் நகம் ஒப்பனை செய்யும் ஆசியப் பெண்களை ஆராய்ந்து 2010-இல் எழுதிய நூலில், பிறர் உடலைத் தொட்டுச் செய்யும் தொழிலில் அந்தச் சுமை இன்னும் எவ்வாறு கூடுகிறது என்று விளக்கினார். கையின் உழைப்புக்கே முழுக் கூலி கிட்டாத இடத்தில், முகத்தின் உழைப்பையும் இலவசமாகக் கேட்பது எந்த நீதி?

அவள் பேசாததற்குக் காரணம், பேசத் தமிழ் தெரியாதது. மிசோரம் எங்கே, திருச்சிராப்பள்ளி எங்கே! மலைநாட்டை விட்டு, தாய்மொழியை விட்டு, பிழைப்புக்காக நாட்டின் மறுகோடிக்கு வந்தவள். நம் கரைக்கு இக்கதை புதிதோ? இம்மாவட்டத்து இளைஞர்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கின்றனர். முதலாளியின் மொழி தெரியாமல், கையால் காட்டிக் கண்ணால் கேட்டு, மாதம் முடிந்ததும் வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றனர். அங்கே ஒருவர், “இந்தத் தமிழன் வாய் திறப்பதில்லை, திமிர் பிடித்தவன்” என்று சொல்லி அவன் கூலியில் கை வைத்தால் நம் வயிறு எரியாதா? அங்கே எரியும் வயிறு இங்கே குளிர்ந்து கிடக்கலாமா?

அப்படியானால் பண்பு வேண்டாமா, பணிவு வேண்டாமா என்று கேட்பர். வேண்டும், இருபுறமும் வேண்டும். எவரையும் இழித்துரைக்காமை, கடிந்துரைக்காமை — இது உழைப்பாளி வாடிக்கையாளருக்குச் செலுத்த வேண்டிய கடன். அதே அளவில் வாடிக்கையாளர் உழைப்பாளிக்குச் செலுத்த வேண்டிய கடன். அந்தக் கடனில் அவள் எதையும் பாக்கி வைக்கவில்லை. அதற்கு மேல் வருவதெல்லாம் கொடை. கொடையைக் கேட்டுப் பெற்றால் அது வரி.

மணமேல்குடியின் பழம்புகழே பணிவைப் பற்றியதுதான். பாண்டியனின் அமைச்சர் குலச்சிறையார் இவ்வூரினர் என்று பெரியபுராணம் கூறுகிறது. குலம் உள்ளவராயினும் இல்லாதவராயினும் அடியவர் என்றால் வணங்குபவர் என்று சம்பந்தர் அவரைப் பாடியிருக்கிறார். சமணரைக் கழுவேற்றிய செயலிலும் சேக்கிழார் அவருக்குப் பங்கு வைத்திருக்கிறார் என்பதை மறந்துவிடவில்லை. தம் சமயத்தின் எல்லைக்குள் குலம் பாராத நெஞ்சம், எல்லைக்கு வெளியே உயிரும் பாராத கொடுமையைத் தனியே விசாரித்திட வேண்டும். இங்கே நாம் எடுத்துக்கொள்வது ஒன்றே. அமைச்சர் ஒருவர் குலம் கேளாமல் தாமாகத் தலை வணங்கினார் என்பதால்தான் அது புகழாயிற்று. அரசன் ஆணையிட்டு வணங்கியிருந்தால் எவர் பாடியிருப்பர்? தானாக வளையும் தலை பண்பின் அடையாளம்; வளைத்து வளையும் தலை அடிமையின் அடையாளம்.

ஏமாற்றத்தைப் பற்றிப் பேசும்போது, ஏமாற்றம் அடையக்கூட வாய்ப்புப் பெறாதவர்களையும் எண்ணிட வேண்டும். நாற்காலியில் அமர்ந்து, சேவை பெற்று, அது சரியில்லை என்று குறை கூறுவது ஒரு நிலை. அந்த நாற்காலியிலேயே அமர விடாமல், பிறந்த சாதியைக் கேட்டு வாயிலிலேயே திருப்பி அனுப்புவது வேறு நிலை. முன்னது ஏமாற்றம், பின்னது இழிவு. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய மன்றத்தில், கடைகளுக்குள் செல்லும் உரிமை பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. சலவை நிலையமும் முடிதிருத்தும் நிலையமும் அதில் அடங்குமா என்ற வினா எழுந்தது. கடை என்ற சொல்லைக் குறுகிய பொருளில் கொள்ளலாகாது, நாடி வருவோர்க்குச் சேவை செய்ய முன்வரும் இடம் அனைத்தும் அதில் அடங்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955-இல் வந்தது. 1976-இல் திருத்தம் பெற்றுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் கொண்டது. அதன் பின்னும் முடி திருத்த மறுக்கும் கொடுமை தமிழகச் சிற்றூர்களிலிருந்து செய்தியாக வந்துகொண்டுதான் இருந்தது. நகம் பளபளக்கவில்லையே என்று நோகும் நெஞ்சம், நாற்காலியே மறுக்கப்பட்டவரின் நோவை ஒரு கணம் எண்ணினால், தன் நோவின் எடை என்னவென்று தானே அறிந்துகொள்ளும்.

இனி அந்த 800 ரூபாய்க்கு வருவோம். வாங்கலாமா, கூடாதா?

வாங்கலாம், ஆனால் எவரிடமிருந்து என்பதில்தான் அறம் இருக்கிறது. கட்டணத்தைப் பெற்றவர் உரிமையாளர். கருவியை வாங்கித் தந்தவர், வேலைக்கு ஆள் அமர்த்தியவர், பயிற்சி போதுமா என்று பார்த்திட வேண்டியவர், எல்லாம் அவரே. ஆதாயம் வந்தால் அவர் பெட்டிக்கு, நட்டம் வந்தால் அவள் பைக்கு என்பது தராசன்று, தந்திரம். சட்டமும் இதை எண்ணியிருக்கிறது. ஊழியருக்கு விதிக்கும் தண்டத்துக்கு 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே வரம்பு கட்டிற்று. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும், விளக்கம் கூற வாய்ப்பளிக்காமல் தண்டம் விதிக்கக் கூடாது என்றும், அது அந்த ஊதியக் காலத்துக்குரிய ஊதியத்தில் நூற்றுக்கு 3 பங்கைத் தாண்டக் கூடாது என்றும் கூறுகிறது. தொலைபேசியில் ஒரு குறை. மறுமுனையில் ஒரு தீர்ப்பு. நடுவே குற்றம் சாட்டப்பட்டவளின் வாய்மொழிக்கு இடமே இல்லை! ஊர்ப் பஞ்சாயத்தில்கூட இரு தரப்பையும் கேட்பரே!

மலிவும் மினுக்கும் சேர்ந்த இடத்தில் எவர் மெலிகின்றனர் என்பதை உலகம் ஒருமுறை கண்டது. வியட்நாம் போருக்குப் பின், 1975-இல் கலிபோர்னியாவுக்கு ஏதிலியராக வந்த பெண்கள் இருபது பேருக்கு, டிப்பி ஹெட்ரன் என்னும் திரைப்பட நடிகை நகம் ஒப்பனைத் தொழில் பயில வழி செய்தார். அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து வியட்நாமியர் பல்லாயிரவர் அந்நாட்டில் இத்தொழிலால் தலைநிமிர்ந்தனர். அது இத்தொழிலின் ஒளி. 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் இதழ், அந்நகரின் நக ஒப்பனை நிலையங்கள் பலவற்றில் குறைந்தபட்ச ஊதியம்கூடத் தரப்படவில்லை என்று எழுதியது; வேலையில் சேர்ந்திட ஊழியரே பணம் கட்ட வேண்டியிருந்ததையும் வெளிப்படுத்திற்று. உடனே அம்மாநில ஆளுநர் நடவடிக்கைக்கு ஆணையிட்டார். அது இத்தொழிலின் நிழல். அவசரமும் அரைக்கூலியும் கைகோத்தால் பூச்சு உரியும், விரல் புண்படும், முகமும் வாடும். விளைவைக் கண்டு விளைத்தவரை விட்டுவிடலாமா?

மணப்பெண் உரிமையாளரைத் தானே அழைத்தாள். பூச்சுக்கும் காயத்துக்கும் நிலையம் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பெண்ணின் ஊதியத்தில் ஒரு காசு பிடித்தாலும் தனக்குப் பணம் வேண்டாம். அவள் பேசவில்லை என்ற குறையைத் தன் வீட்டார் திரும்பப் பெறுகின்றனர் — இந்த மூன்றையும் தெளிவாகச் சொன்னாள். பணம் நிலையத்தின் கணக்கிலிருந்தே வந்தது. வேலையிலிருந்து நிறுத்தும் எண்ணத்தையும் கைவிட்டதாக உரிமையாளர் கூறினார். தாயும் முகம் மலர்ந்தார். கேட்டதும் கிடைத்தது, கெடுத்ததும் இல்லை. உரிமையை நிலைநாட்டிட இன்னொருவரின் உலையில் மண் போட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நாம் பணிபுரியும் பள்ளியில் திங்கட்கிழமைதோறும் பிள்ளைகளின் நகங்களைப் பார்ப்பது வழக்கம். நீட்டச் சொன்னால் சில சிறுமியர் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கின்றனர். அழுக்குக்கு அஞ்சி அன்று. விடியலில் தாயோடு அமர்ந்து மீன் ஆய்ந்த மணம் விரலில் ஒட்டியிருக்கிறதே என்று வெட்கி! உழைத்த கையை ஒளிக்கும்படி அந்தப் பிஞ்சு நெஞ்சுக்கு எவர் கற்பித்தார்? பாடநூல் கற்பிக்கவில்லை. உழைப்பவரை ஏற இறங்கப் பார்க்கும் ஊரார் கண்கள் கற்பித்தன. நாளை இந்தச் சிறுமியரில் ஒருத்தி ஏதோ ஒரு தொலைநகரில், மொழி தெரியாத மக்களிடையே, அவர்களின் விரலைத் தன் விரலில் ஏந்தி அமர்ந்திருக்கக்கூடும். அவள் வேலையில் குறை இருந்தால் அவர்கள் சொல்லட்டும், திருத்திக்கொள்வாள். அவள் முகத்துக்கு மட்டும் எவரும் விலை பேசாதிருக்கட்டும்!

நகம் வளரும், பூச்சு உரியும், ஆறு திங்களில் பழைய நகத்தின் சுவடே இராது. ஒரு சொல்லால் ஒருவர் பிழைப்பைப் பறித்த வடு அவ்வளவு எளிதில் வளர்ந்து மறையாது. எனவே, தோழர்களே! குறையைக் கூறுங்கள், கூசாமல் கூறுங்கள், கூறவேண்டியவரிடம் கூறுங்கள். கொடுத்த காசுக்கு வேலையை எண்ணி வாங்குங்கள். அதற்கு மேல் ஒரு புன்னகை வேண்டுமாயின், அதைப் பெற வழி ஒன்றே உண்டு: முதலில் நாம் புன்னகைப்பது.